பச்சைப் பாயும் சிவப்புப் பாயும்

இடுப்பு வலியோடு வருகிறவரிடம், "எங்கே வலிக்கிறது?" என்று நூர்னிசா முதலில் கேட்கமாட்டார். "எப்போ வலிக்காது?" என்றே தொடங்குவார். வந்தவர் திகைத்துப்போவார். வலிக்கிற நேரத்தைப் பற்றிச் சொல்ல அவரிடம் நீண்ட கதை இருக்கும். பேருந்தில் வரும்போதே அதனை ஒத்திகை பார்த்திருப்பார். வலிக்காத நேரத்தைப் பற்றி அவருடைய மனைவிகூட அதுவரை கேட்டிருக்கமாட்டார்.

"படுத்தா வலிக்காதும்மா."

"எப்படிப் படுத்தா? மல்லாந்தா, குப்புறவா, ஒருக்களிச்சா?"

"அதை யாரு பாத்தா? படுத்தாத் தூங்கிருவேன்."

"இன்னைக்குப் பாத்துட்டு வந்து நாளைக்குச் சொல்லுங்க."

பெரும்பாலோர் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள். "நாங்கூட இதைக் கவனிக்கலியே" என்று தம் இடுப்பைப் பற்றித் தாமே வியந்தவர்களும் உண்டு.

நான் சொல்வது எண்பதுகளின் இறுதி ஆண்டுகளை. இராசபாளையத்தில் இரயில் நிலையத்துக்குச் செல்லும் சாலையில் இருந்த ஒரு சிறு மருத்துவமனையின் பின்கட்டில் நூர்னிசாவின் அறை இருந்தது. பிசியோதெரபி என்று வாசலில் பலகை தொங்கியது. அச்சொல்லை உச்சரிக்க முயன்று தோற்ற ஊரார் அவரை 'ட்ரில் டீச்சர்' என்று அழைத்தார்கள். சிலர் 'டாக்டரம்மா' என்பார்கள். "டாக்டர் முன்னாடி இருக்காங்க, நான் பயிற்சி சொல்லிக் குடுக்குறவ" என்று ஒவ்வொரு முறையும் திருத்துவார். அவர்களும் ஒவ்வொரு முறையும், "சரிங்க டாக்டரம்மா" என்பார்கள்.

அவருடைய தந்தை அல்லா பிச்சை, சத்திரப்பட்டியில் நெய்யப்படும் பேண்டேஜ் துணியை வாங்கி மருத்துவமனைகளுக்கு விற்று வந்தார். மதுரையில் ஒரு பெரிய மருத்துவமனைக்குத் துணி கொண்டுபோன நாளில், கட்டிலோடு கிடந்த ஒருவரை ஓர் இளம்பெண் இரு கம்பிகளுக்கு நடுவே நடக்கவைத்ததைப் பார்த்து, சுமையை இறக்கி வைக்கவும் மறந்து நின்றாராம். வீட்டுக்கு வந்தவுடன் மகளிடம், "கட்டுப் போடுறதுக்கு நான் துணி விக்குறேன். கட்டு அவுந்த பொறவு நடக்க வைக்கிற படிப்பு ஒண்ணு இருக்கு தாயி, நீ அதைப் படி" என்றார். உறவினர் முணுமுணுத்தார்கள். அவர் காதில் வாங்கவில்லை.

அக்காலத்தில் இடுப்பு வலி என்று வந்த எல்லாருக்கும் ஒரே முறைதான்: படுக்கை, ஒத்தடம், எடை கட்டி இழுத்தல், பெல்ட். நூர்னிசா கல்லூரியில் வேறு பாடம் கற்றிருந்தார். இடுப்பு வலி என்பது பல நோய்களுக்கு ஊரார் வைத்த ஒரே பெயர். முதலில் வகை பிரிக்க வேண்டும், பிறகே மருத்துவம் என்பது அப்பாடம். எலும்பு மருத்துவர் சௌந்தரபாண்டியனிடம் இதனைச் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. ஓர் எல்லையை மட்டும் வகுத்தார்.

"செய்யும்மா. ஆனா காய்ச்சலோட வாரவுக, கீழ விழுந்து வாரவுக, காலு வெலங்காமப் போறவுக, ஒண்ணுக்குப் போறது தெரியாதவுக, இவுக யாரையும் உன் பாயில படுக்க வைக்காத. நேரா எங்கிட்ட அனுப்பு."

அதுவே முதற்பிரிவு ஆயிற்று. எஞ்சியோருக்கு மூன்று கோரைப்பாய்கள் விரிக்கப்பட்டன. தந்தையின் கடைத் துணியில் சாயமேற்றி, ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஒரு நிறம் தைத்திருந்தார். குனியக் குனிய வலி கூடுவோருக்குப் பச்சை. அவர்கள் குப்புறப் படுத்து, கைகளை ஊன்றி, மார்பை நிமிர்த்த வேண்டும். நிமிர்ந்து நின்றாலும் நடந்தாலும் வலி கூடுவோருக்குச் சிவப்பு. அவர்கள் மல்லாந்து படுத்து, முழங்கால்களை மார்போடு அணைக்க வேண்டும். குனிவதும் நிமிர்வதும் ஒன்றும் செய்யாமல், நெடுநேரம் ஒரே நிலையில் இருந்தால் நோகிறவர்களுக்கும், எங்கே வலித்துவிடுமோ என்ற அச்சத்தால் அசைவதையே விட்டவர்களுக்கும் நீலம். கரும்பலகை முன் பல்லாண்டு நின்ற எனக்கு நீலம் கிடைத்தது.

பாய்களின் நிறத்தால், நோயாளிகள் காத்திருக்கும் தாழ்வாரத்தில் புதிய குலங்கள் உண்டாயின. பஞ்சாலையில் பணியாற்றிய பால்ச்சாமி, புதிதாக வந்த யாரையும் நலம் விசாரிக்கும் முன், "நீங்க எந்தப் பாயி?" என்று கேட்பார். நான் நீலம் என்றதும், "வாத்தியாருக்குச் சுகமான பாயாப் பாத்துக் குடுத்துட்டாக" என்றார்.

அத்தாழ்வாரத்துக்குத்தான் ஒரு வைகாசி மாதத்தில் பேச்சிமுத்து வந்தார். திருவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துக்காரர். தேரடிக்கு அருகில் ரத்தினம் என்பவரின் கடையில் பால்கோவா கிண்டுபவர். அகன்ற இரும்புச் சட்டியில் பால் சுண்டும்வரை குனிந்து நின்று துடுப்பால் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். கை நின்றால் அடிப்பிடித்துவிடும். இளமை முதல் அதே அடுப்பின்முன் நின்ற அவருக்கு, இடுப்பில் தொடங்கிய வலி வலக்காலின் ஆடுசதைவரை இறங்கியிருந்தது. சௌந்தரபாண்டியன் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு வெளிப்படையாகச் சொன்னார்: ஆடி மாதத்துக்குள் கால்வலி குறையாவிட்டால் மதுரையில் அறுவை செய்துகொள்வதே நல்லது.

பேச்சிமுத்து கத்திக்கு அஞ்சவில்லை. கத்திக்குப் பின் வருவதற்கு அஞ்சினார். "முதுகைக் கிழிச்சு ஒட்டுனவனை அடுப்புகிட்ட யாரு விடுவா டாக்டரம்மா? முதலாளி நல்லவருதான். ஆடிப்பூரத் தேர் வரைக்கும் என் சட்டியில வேற ஆளை நிறுத்தமாட்டேன்னுட்டாரு. அன்னைக்குத்தான் யாவாரம். அன்னைக்கும் நான் நிக்கலேன்னா அவரு என்ன செய்வாரு, பாவம்? எனக்கு இந்த ஒரு வேலைதான் தெரியும்."

நூர்னிசா அவரைப் பலமுறை குனியச் சொன்னார். வலி ஆடுசதைக்கு ஓடியது. குப்புறப் படுத்து நிமிரச் சொன்னார். வலி ஆடுசதையை விட்டுத் தொடைக்கு ஏறியது. ஐயத்துக்கு இடமே இல்லை, பச்சை.

"காலுக்கு எறங்குன வலி மேல ஏறி வந்தா இடுப்புல கூடுன மாதிரி இருக்கும். பயந்துராதீங்க. வெளியூரு போனவன் வீடு திரும்புதான்னு நெனைச்சுக்கோங்க."

அவருடன் வந்திருந்த மனைவி வெள்ளத்தாய், பெஞ்சில் இடமிருந்தும் சுவரோரமாகக் குந்தியிருந்தார். கொய்யாக் கூடையைத் தலையில் வைத்துத் தெருத்தெருவாக விற்பவர்.

"பெஞ்சுல உக்காருங்கம்மா."

"குந்துனாத்தான் சொகம். நிமிந்து நாலு தெரு நடந்தா இடுப்பு கடுத்து, காலு ரெண்டும் இரும்பாயிருது. கூடையை எறக்கிச் செத்த நேரம் குந்துனா எல்லாம் போயிருது. எனக்கு ஒண்ணுமில்ல, அவியளைப் பாருங்க."

நூர்னிசா இருவரையும் பார்த்தார். மருத்துவரும் வெள்ளத்தாயைச் சோதித்து அனுப்பினார். சிவப்பு.

பால்ச்சாமிக்கு அன்று கொண்டாட்டம். "என்ன அண்ணாச்சி, ஒரே வீட்டுல ரெண்டு கட்சியா? எலெக்சன் வந்தா என்ன செய்வீக?"

"இவ எந்தக் கட்சியோ அதுக்குத்தான் நானும் ஓட்டுப் போடுதேன்" என்றார் பேச்சிமுத்து. விளையாட்டாகச் சொன்ன அந்தச் சொல்லில்தான் பின்னால் வந்த தொல்லை முழுவதும் அடங்கியிருந்தது என்பது அங்கிருந்த எவருக்கும் அப்போது தெரியவில்லை.

முதல் சில வாரங்களில் ஒரு விந்தை நிகழ்ந்தது. அறையைவிட்டுப் போகும்போது பேச்சிமுத்து நன்றாக நடந்து போவார். அடுத்த முறை வரும்போது காலை இழுத்துக்கொண்டு வருவார். வெள்ளத்தாயும் அப்படியே. வீட்டில் பயிற்சி செய்கிறீர்களா என்று கேட்டால், "ஒரு நாளு விடலியே" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். அது பொய்யன்று. நூர்னிசா முதலில் பேருந்தை ஐயுற்றார். அந்நாளைய திருவில்லிபுத்தூர்ச் சாலை ஐயத்துக்கு உரியதே. பிறகு அவர்கள் படுக்கும் கட்டிலை ஐயுற்றார். இறுதியில் தம்மையே ஐயுற்றார்.

ஆனி பிறந்துவிட்டது. சௌந்தரபாண்டியன் கடுமையாக ஒன்றும் சொல்லவில்லை. "மதுரைக்கு எழுதிரலாமாம்மா? காலம் கடத்துனா நரம்புக்கு நல்லதில்ல" என்று மட்டும் கேட்டார். அதில் நியாயம் இருந்தது. பேச்சிமுத்துவைப் பச்சையிலிருந்து எடுத்துச் சிவப்பில் போட்டுப் பார்க்கலாமா என்றுகூட நூர்னிசா நினைத்தார். முன்னும் பின்னும் நூறு பேரைப் பிரித்த முறை இந்த ஒருவரிடம் ஏன் பிசகுகிறது என்று எண்ணி எண்ணி உண்ணாமல் இருந்த மகளிடம் அல்லா பிச்சை, "துணியில சாயம் ஒழுங்கா ஒட்டலேன்னா சாயத்தையே குத்தம் சொல்லக்கூடாது தாயி, தண்ணியையும் பாக்கணும்" என்றார். மகள் சிரித்துவிட்டார். "எல்லாத்தையும் துணியிலயே கொண்டுவந்து நிறுத்துங்க அத்தா" என்றார்.

ஆயினும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை, துணிப்பணம் வாங்கத் திருவில்லிபுத்தூர் புறப்பட்ட தந்தையோடு தாமும் கிளம்பினார். கட்டிலைப் பார்த்துவிடுவது என்பதே அவருடைய திட்டம்.

அங்கு நடந்ததை நூர்னிசாவும் வெள்ளத்தாயும் தனித்தனியே எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். இருவர் கூற்றும் ஒத்துப்போன பகுதிகளை மட்டும் எழுதுகிறேன்.

மடவார் வளாகத்தில் அவர்களுடைய வீட்டுக்கதவு திறந்திருந்தது. கூடத்தில் இரண்டு பாய்கள் அருகருகே கிடந்தன. ஒன்றில் பச்சைச் சேலைக்கிழிசலும் மற்றொன்றில் சிவப்புச் சேலைக்கிழிசலும் விளிம்பாகத் தைக்கப்பட்டிருந்தன. அவற்றின்மேல் கணவனும் மனைவியும் மல்லாந்து படுத்து, முழங்கால்களை மார்போடு அணைத்துக்கொண்டு, இரண்டு பலாப்பழங்களைப்போல மெல்ல ஆடிக்கொண்டிருந்தார்கள்.

நூர்னிசா வாசலிலேயே நின்றுவிட்டார். "அண்ணாச்சி! நீங்க என்ன செய்யுதீக?"

பேச்சிமுத்து கால்களை விட்டுவிட்டு எழ முயன்றார். வலியால் முகம் சுளித்தது. "இப்பத்தான் டாக்டரம்மா பச்சையை முடிச்சோம். இது சிவப்பு."

"முடிச்சோமா? யாரு யாரு?"

"ரெண்டு பேருந்தான்" என்றார் வெள்ளத்தாய், மதிப்பெண் கேட்கும் மாணவியின் முகத்தோடு. "மொதல்ல அவிய பச்சையை நானும் சேந்து செய்வேன். பொறவு என் சிவப்பை அவியளும் சேந்து செய்வாக. ஒரு நாளு விட்டதில்ல."

"உங்களை யாரும்மா சேந்து செய்யச் சொன்னது?"

"சொல்லணுமா? பத்தியம்னா வீட்டோட இருக்கணும்ல? அவிய மஞ்சக்காமாலையில கெடந்தப்போ நானும் உப்பில்லாமத்தான் தின்னேன். எனக்குக் கண்ணுல ஆபரேசன் ஆனப்போ அவிய புளியைத் தொடல. ஒருத்தர் பத்தியம் கெடக்கையில இன்னொருத்தர் வக்கணையாத் தின்னா நோயி சொகப்படுமா?"

"நான் கேட்டேன் டாக்டரம்மா" என்று பேச்சிமுத்து குறுக்கிட்டார். "ஏட்டி, டாக்டரம்மா எனக்கு இதைச் சொல்லலியேன்னு கேட்டேன். 'எனக்காக இதைக்கூடச் செய்யமாட்டீகளோ'ன்னா. பொறவு நான் என்ன செய்ய?"

"ஆமா, ரொம்பத்தான் கேட்டாக! வேண்டாம்னு சொல்லியிருந்தா விட்டிருக்கமாட்டேனா?"

"நீ விடுவியா? உடும்பு பிடியை விட்டாலும் விடும், நீ விடமாட்டே."

நூர்னிசா வாசற்படியிலேயே உட்கார்ந்து சிரித்தாராம். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாராம். அவர் செய்த வகைப்பாடு சரியாகவே இருந்திருக்கிறது. பச்சையில் மேலே ஏறிய வலியை அடுத்த கால்மணி நேரத்தில் திரும்பக் கீழே இறக்கி அனுப்பியது, அந்த வீட்டின் அன்பு. குனியக்கூடாதவர் மனைவிக்காகக் குனிந்தார். முதுகை வளைத்து நிமிரக்கூடாதவர் கணவனுக்காக நிமிர்ந்தார்.

சிரிப்பு அடங்கியபின் அவர் வெள்ளத்தாயிடம் கேட்டார்: "உங்க கொய்யாக் கூடையை இவுக தலையில ஏத்தி அனுப்புவீங்களா?"

"அவிய தலையிலயா? தெரு முக்குக்குள்ள கூடையைக் கவுத்திருவாகளே!"

"இவுக துடுப்பை வாங்கி நீங்க கிண்டுவீங்களா?"

"எனக்கு என்ன தெரியும் அதுல? அடிப்புடிச்சுப் போயிரும்."

"இதுவும் அப்படித்தாம்மா. உங்க நோயி குனிஞ்சாப் போகுது. இவுக நோயி குனிஞ்சா வருது. சாப்பாட்டுப் பத்தியம் வீட்டோட இருக்கலாம். இது அவுகவுக இடுப்போட இருக்கணும்."

வெள்ளத்தாயின் முகம் வாடிவிட்டது. தாம் இத்தனை நாள் கணவனுக்குக் கெடுதல் செய்துவிட்டோம் என்பது அவருக்குப் புரிந்தது. அதைவிடப் பெரிதாக ஒன்று உறுத்தியது. "அப்போ அவிய கெடந்து வலியில மொனங்கையில, நான் சும்மா பாத்துக்கிட்டு இருக்கணுமா?" என்று கேட்டார். 

நூர்னிசா படித்த எந்தப் பாடத்திலும் இந்தக் கேள்வி இல்லை. எழுந்து வந்து வெள்ளத்தாயின் அருகில் குந்தினார். பிறகு, "சும்மா இருக்க வேண்டாம். நீங்க எண்ணணும்" என்றார். கணவர் பச்சையில் நிமிரும்போதெல்லாம் மனைவி பக்கத்தில் குந்தி உரக்க எண்ண வேண்டும்; மனைவி சிவப்பில் இருக்கும்போது கணவர் நின்றபடி எண்ண வேண்டும். எண்ணாத முறை கணக்கில் சேராது. கடைசியில் இருவரும் சேர்ந்து செய்ய ஒன்றைக் கற்பித்தார்: முழங்காலை மடித்து மல்லாந்து படுத்து, வயிற்றை உள்ளிழுத்து மெல்ல மூச்சுவிடுதல். அது எந்தப் பாய்க்கும் தீங்கு செய்யாதது. "இது உங்க ரெண்டு பேருக்கும் பொதுப் பத்தியம்" என்றார். வெள்ளத்தாய் அதன்பிறகே காபி போட எழுந்தார்.

நூர்னிசா திரும்பி வந்து சௌந்தரபாண்டியனிடம் நடந்ததைச் சொல்லி, ஆடி முதல் வாரம்வரை தவணை கேட்டார். அவர் வாய்விட்டுச் சிரித்து, "என் நோயாளிங்க மாத்திரையையும் இப்படித்தான் பங்கு போட்டுத் தின்னுறாங்களோ என்னவோ" என்றார், தவணையும் கொடுத்தார். காலில் வலிமை குறைகிறதா என்று ஒவ்வொரு முறையும் தாமே சோதித்தார்.

ஆனியின் இறுதியில் பேச்சிமுத்துவின் ஆடுசதை வலி தொடைக்கு ஏறி, அங்கே பல நாள் பிடிவாதமாகத் தங்கி, பிறகு ஒருநாள் புட்டத்துக்கு வந்தது. "வெளியூரு போனவன் தெருமுக்குக்கு வந்துட்டான் டாக்டரம்மா" என்று தாழ்வாரம் முழுவதும் கேட்கும்படி சொல்லிக்கொண்டு வந்தார். பால்ச்சாமி எழுந்து நின்று கைதட்டினார். மதுரைக்கு எழுதவேண்டிய கடிதத்தை மருத்துவர் எழுதவில்லை.

வலி முற்றும் நீங்கிவிட்டது என்று நான் எழுதினால் அது மிகையாகும். மழைக்காலத்தில் பேச்சிமுத்துவுக்கு அது தலைகாட்டியது. வெள்ளத்தாய் கூடையின் சுமையைக் குறைத்து, தெருவுக்கு ஒருமுறை இறக்கிக் குந்தி எழுந்தே விற்றார். நூர்னிசாவும் தம் முறையில் ஒன்றைச் சேர்த்துக்கொண்டார். எப்போது வலிக்காது என்று கேட்டபின், "வீட்டுல உங்க கூட யாரு இருக்கா?" என்று கேட்பார், அவரையும் அடுத்த முறை அழைத்துவரச் சொல்வார். பின்னாளில் கிருஷ்ணன்கோவில் கல்லூரி மாணவர்கள்கூட விடுதித் தோழனோடு வந்து நின்றதைக் கண்டிருக்கிறேன்.

அவ்வாண்டு ஆடிப்பூரத்தன்று தேர் பார்க்கச் சென்ற நூர்னிசா, ரத்தினத்தின் கடை வாசலில் என்னைக் கண்டு நின்றார். உள்ளே பேச்சிமுத்து அடுப்பின்முன் நின்றார். ரத்தினம் துடுப்பின் காம்பை ஒரு முழம் நீட்டிக் கொடுத்திருந்தார். ஒரு காலை மாற்றி மாற்றி வைக்கச் செங்கல் ஒன்றும் கிடந்தது. எல்லாச் சட்டிகளையும் அவர் ஏற்கவில்லை. ஒரு சட்டிவிட்டு ஒரு சட்டி. சட்டி இறங்கியதும் இரு கைகளையும் இடுப்பில் ஊன்றி வானத்தைப் பார்ப்பவர்போலப் பின்னே வளைவார். கல்லாவுக்குப் பின்னால் குந்தியிருந்த வெள்ளத்தாய் உரத்த குரலில் எண்ணுவார். கோவாவுக்காக நின்ற கூட்டத்தில் சிலர் சேர்ந்து எண்ணினார்கள்.

"என்ன ரத்தினம், கோவா வாங்க வந்தோமா, ட்ரில் பாக்க வந்தோமா?" என்றார் ஒருவர்.

"ட்ரில்லுக்குத் தனிக்காசு கேக்கலியே, வாங்கிட்டுப் போங்க" என்றார் ரத்தினம்.

வெள்ளத்தாய் நூர்னிசாவைக் கண்டதும் எழுந்து வந்து, வாழையிலையில் சூடான கோவாவை வைத்துக் கொடுத்தார். நூர்னிசா அதனை வாங்குவதற்கு முன் ஒரு கையை இடுப்பில் வைத்து லேசாக நெளிந்தார். நாள் முழுவதும் பாய்களின்மேல் குனிந்து பிறர் முதுகைத் தாங்குகிறவருக்கு அது இருக்கத்தானே செய்யும்? நான் எத்தனையோ முறை பார்த்தும் கேட்டதில்லை. வெள்ளத்தாய் கேட்டார்.

"ஒங்க இடுப்பு எந்தப் பாயி தாயி?"

நூர்னிசா இலையை வாங்கிக்கொண்டே, "நீலம்" என்றார்.

"ஒங்களுக்கு யாரு எண்ணுதா?"

"எங்க அத்தா. ஆனா அவுக துணி மடிச்சுக்கிட்டே எண்ணுவாக. பாதியில மடிப்புக் கணக்குக்குப் போயிருவாக."

வெள்ளத்தாய் அதற்கு ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"ஏட்டி! வளைஞ்சது வளைஞ்சபடியே நிக்கேன். எண்ணாம அங்க என்ன பேச்சு?"